ஒரு நூல் கணக்கு

சாத்தாங்காட்டில் 'கம்பி' என்றால் 8 மில்லியா, 10 மில்லியா, 12 மில்லியா என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி எத்தனை டன் என்பது. ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இரும்பு வணிகத்தை நகருக்கு வெளியே கொண்டுபோகப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைத்த சந்தை அது. காயில், தகடு, ஆங்கிள், சேனல், முறுக்குக் கம்பி என்று ட்ரெய்லர் ட்ரெய்லராக வந்து இறங்கும். எடைமேடை வாசலில் எப்போதும் ஒரு வரிசை நிற்கும். அந்த வாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு வீட்டின் முன்னறையில், முக்கால் மில்லி கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார் ஒருவர். கிட்டார், மாண்டலின், உகுலேலே, எப்போதாவது பரணிலிருந்து இறக்கிய ஒரு புல்புல் தாரா. எது உடைந்தாலும் அவரிடம் வரும். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயர் மாஸ்டர்.

ராயபுரத்தில் பிறந்தவர். படகுக்காரர்கள் தங்கள் சம்பாத்தியத்தில் 1829-ல் எழுப்பிய புனித பேதுரு தேவாலயமும், 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையமும் உள்ள ஊர். கப்பலில் வந்ததும் ரயிலில் வந்ததும் அங்கேதான் முதலில் இறங்கும். கிட்டாரும் அப்படி இறங்கியதுதான் என்பது அவருடைய கட்சி. பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவரிடம் பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்டார். ஐடிஐ முடித்துத் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் ஃபிட்டராகச் சேர்ந்து இருபது வருடம் அச்சுகளை ராவினார். கம்பெனி ஆள்குறைப்பு செய்தபோது கையில் வந்தது கொஞ்சம் பணம், ஒரு வெர்னியர், ஒரு ஃபில்லர் கேஜ், நூற்றில் ஒரு பங்கு மில்லியை விரலால் உணரும் பழக்கம். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் மிச்ச வாழ்க்கை ஓடுகிறது.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள், எடைமேடையில் பில் போடுகிறவர் தன் மகளோடு வந்தார். ஒன்பதாம் வகுப்புப் பெண். அப்பாவின் கையில் ஒரு நீளமான அட்டைப்பெட்டி.

"மாஸ்டர், இத கொஞ்சம் பாருங்க. பாப்பா கேட்டுச்சேன்னு ஆன்லைன்ல வாங்கினேன். பதினாலாயிரம். ஏழு நாளுக்குள்ள புடிக்கலன்னா திருப்பி அனுப்பலாம்னு போட்டிருக்கான். இன்னா சொல்றீங்க, வெச்சுக்கலாமா?"

பெட்டிக்குள் இருந்தது பாரிடோன் உகுலேலே. உகுலேலே குடும்பத்தில் மூத்த பிள்ளை. சொப்ரானோவின் கம்பி நீளம் சுமார் 13 அங்குலம், கான்சர்ட் 15, டெனார் 17. பாரிடோன் 19-லிருந்து 20. மற்ற மூன்றும் ஒரே சுருதி: ஜி, சி, ஈ, ஏ. பாரிடோன் மட்டும் டி, ஜி, பி, ஈ. அதாவது கிட்டாரின் கீழ் நான்கு கம்பிகள் அப்படியே. கிட்டார் தெரிந்தவன் எடுத்தவுடன் வாசிக்கலாம். உகுலேலே மட்டும் தெரிந்தவனுக்கு விரல் போகும் இடம் சரியாகப் போகும், ஒலி வேறாக வரும். மூன்று கம்பிகளைத் திறந்து விட்டு ஒன்றை மட்டும் மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் சின்ன உகுலேலேயில் சி கார்டு, இதில் ஜி கார்டு. அந்தப் பெண் யூட்யூப் பார்த்துப் பழகியதில் முதல் நாளே இதில் சிக்கிக் குழம்பியிருந்தது. கருவி பழுது என்றே நினைத்துவிட்டது.

பதினாலாயிரம் என்பது சங்கடமான விலை. மூவாயிரம் ரூபாய்க் கருவியை யாரும் பரிசோதனைக்குக் கொண்டுவருவதில்லை. உடைந்தால் வேறு வாங்கிக்கொள்வார்கள். லட்ச ரூபாய்க் கருவியைச் செய்தவனே ஒருமுறைக்கு நான்குமுறை சரிபார்த்திருப்பான். நடுவிலைக் கருவியில் பணம் எங்கேயோ போயிருக்கும், எங்கேயோ போகாமல் இருக்கும். மரத்துக்குப் போயிருக்கலாம், மினுமினுப்புக்குப் போயிருக்கலாம், விளம்பரத்துக்கும் போயிருக்கலாம். கடைசியாகச் சீர்செய்யும் அந்த அரைமணி நேரக் கைவேலைக்கு மட்டும் பெரும்பாலும் போயிருக்காது. தொழிற்சாலையில் அது ஆள் கூலி. முதலில் வெட்டுவது அதைத்தான். மாஸ்டர் இருபது வருடம் தொழிற்சாலையில் இருந்தவர், இதில் அவருக்குக் கோபமெல்லாம் கிடையாது.

பெட்டியிலிருந்து எடுத்ததும் அந்தப் பெண் ஒரு கார்டை மீட்டிக் காட்டப் போனது. "இரும்மா, அப்புறம்" என்று கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து நிறுத்தினார். ஒலியைக் கடைசியில்தான் கேட்பார். அதற்கு ஒரு கதை உண்டு.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் இதே போன்ற நடுவிலைக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். மாஸ்டர் முதலில் மீட்டினார். குரல் தேன். மூன்று நிமிடம் வாசித்து, "தாராளமா வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். திறந்த கம்பியில் சுருதி சேர்கிறது, மேலே போகப்போக இறங்கிவிடுகிறது. அப்போதுதான் ஸ்கேலை வைத்து அளந்தார். பிரிட்ஜை ஒட்டிய இடமே தப்பு: ஒரு நூல் பின்னால். தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல். ஒரு நூல் என்பது 3 மில்லிக்குச் சற்று மேல். 20 அங்குலக் கம்பியில் 3 மில்லி பின்னால் போனால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஏறக்குறைய 10 சென்ட் இறங்கிப்போகும், அதாவது அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு. தனியாகக் கேட்டால் தெரியாது. கீபோர்டோடு சேர்ந்தால் பல்லில் மணல் பட்டது போல இருக்கும். திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருந்தது. பிரிட்ஜைச் சூடுகாட்டிப் பெயர்த்து, இடம் மாற்றி ஒட்டி, பழைய தடத்துக்கு வார்னிஷ் போட்டு, ஒரு ரூபாய்கூட வாங்காமல் கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து வரிசை மாறிவிட்டது: திருத்தவே முடியாதது முதலில், திருத்தக்கூடியது அடுத்து, குரல் கடைசியில். நல்ல குரலைக் கேட்டுவிட்டால் கண்ணுக்குக் குறை தெரியாது என்பார். பெண் பார்க்கப் போகிற வீட்டுக் கேசரியோடு அதை ஒப்பிடுவார். அது இங்கே வேண்டாம்.

திருத்த முடியாதவற்றில் தலையாயது ஃப்ரெட். வீணையில் இந்தத் தொல்லை இல்லை. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் உட்கார்ந்திருக்கும். ஒரு மெட்டு பிசகினால் மெழுகை இளக்கி, காதால் கேட்டு, நகர்த்தி வைத்துவிடலாம்; தஞ்சாவூரில் மேளம் கட்டுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது அதைத்தான். உகுலேலேயில் விரல்பலகையைக் கீறி, ஃப்ரெட் கம்பியை அடித்து இறக்கிவிடுவார்கள். அடித்தது அடித்ததுதான். எந்த இடத்தில் கீறுவது என்பதற்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. கம்பி நீளத்தை 18-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் இடம், மிச்சத்தை மறுபடி 18-ஆல் வகுத்தால் இரண்டாவது. இதை 1581-ல் எழுதிவைத்தவர் வின்சென்சோ கலிலி என்ற லூட் வாசிப்பாளர். வானத்தைத் தொலைநோக்கியில் பார்த்த கலிலியோவின் அப்பா. இன்றைய கணக்கில் அந்த 18 கொஞ்சம் சுருங்கி 17.817.

மாஸ்டர் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டைக்கு நட்டு என்று பெயர். நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை 254 மில்லி. அப்படியென்றால் கம்பியின் கணக்கு நீளம் 508, சுத்தமாக 20 அங்குலம். 508-ஐ 17.817-ஆல் வகுத்தால் 28.5, வெர்னியரை முதல் ஃப்ரெட்டில் வைத்தார், 28.5 காட்டியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் பக்கத்திலிருந்த டீயை ஒரு மடக்கு குடித்தார். அடுத்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து சாடில் வரை, அதாவது பிரிட்ஜின் மேல் கம்பிகள் ஏறி நிற்கும் பட்டை வரை. மெல்லிய கம்பிப் பக்கம் 256, தடித்த கம்பிப் பக்கம் 257.

"ரெண்டு பக்கமும் 254 தானே வரணும்?" என்றார் அப்பா. எடைமேடைக்காரருக்குக் கணக்கில் வித்தியாசம் பிடிக்காது.

"அழுத்துறப்போ கம்பி கொஞ்சம் இழுபடும் சார். இழுபட்டா சுருதி ஏறும். அந்த ஏத்தத்த சரிக்கட்டத்தான் ரெண்டு மூணு மில்லி பின்னால தள்ளி வெக்கிறது. உங்க மேடைல லாரியோட வெத்து எடை கழிக்கிறீங்கல்ல, அது மாதிரி."

இந்த ஒப்புமை சரியா என்று யோசித்தால் கொஞ்சம் நொண்டும். ஆனால் எடைமேடைக்காரருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

பிறகு கழுத்து. ஒரு கண்ணை மூடி, தலைப்பக்கத்திலிருந்து சாடிலை நோக்கித் துப்பாக்கி குறிபார்ப்பது போல் பார்த்தார். முறுக்கு இல்லை. நீளவாக்கில் மிக லேசான குழிவு மட்டும். அது இருக்க வேண்டியதுதான். கம்பி அதிர இடம் வேண்டும். அதன்மேல் தன் நேர்ப்பட்டையை வைத்தார். சந்தையில் துண்டாக விழுந்த ஒரு ஃபிளாட்டை எடைக்கு வாங்கி, டூல் ரூம் நண்பர் ஒருவரிடம் கொடுத்து கிரைண்டிங் செய்து வாங்கியது. இறக்குமதிக் கடையில் இதற்குச் சில ஆயிரங்கள் கேட்பார்கள். ஒன்பதாம் ஃப்ரெட்டில் பட்டை லேசாக ஆடியது. அந்த ஒரு ஃப்ரெட் தலை தூக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக் குறி போட்டார். இது திருத்தக்கூடிய குறை.

உட்புறத்தைப் பார்க்க அவரிடம் இருப்பது பல் மருத்துவரின் சின்னக் கண்ணாடியும் செல்போன் டார்ச்சும். உள்ளே குறுக்குச் சட்டங்கள் எல்லாம் முழுநீளமும் ஒட்டியிருந்தன. ஓரிடத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது. வழிந்த பசை அசிங்கம், ஆபத்து இல்லை. வழியவே இல்லை என்றால்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

மேல்பலகை முழுமரம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. பெட்டியில் என்ன வேண்டுமானாலும் அச்சிடலாம். ஒலித்துளையின் விளிம்பில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் உண்மை தெரியும். மேலே ஓடும் மரரேகைகள் விளிம்பில் இறங்கி அடிப்பக்கம் வரை தொடர்ந்தால் முழுமரம். குறுக்கே சாம்பல் கோடோ வேறு நிறப் படலமோ தெரிந்தால் அழுத்துப்பலகை. இந்தக் கருவியில் மேல்பலகை முழு மஹாகனி, பக்கமும் முதுகும் அழுத்துப்பலகை. பெட்டி பொய் சொல்லவில்லை, முழுதாகவும் சொல்லவில்லை.

இங்கே மாஸ்டர் ஊரோடு ஒத்துப்போகாத ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கிறார். கருவி வாங்குகிறவர்கள் எல்லாரும் முழுமரம் முழுமரம் என்று அலைவதை அவர் ஏற்பதில்லை. மரக் கருவிகளுக்கு ஒத்துக்கொள்ளும் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கடலோரத்தில் பெரும்பாலான மாதங்களில் காற்று அந்த எல்லைக்கு மேலேதான் நிற்கும். பகலில் ஈரம் குடித்து மரம் உப்பும், கம்பி மேலேறும். ராத்திரி ஏசி போட்டால் அதே மரம் காய்ந்து சுருங்கும். இப்படி தினமும் ஒரு முறை உப்பிச் சுருங்கும் முழுமரம் மூன்றாம் வருடம் வெடிப்பு காட்டும். அழுத்துப்பலகையின் படலங்கள் ஒன்றுக்கொன்று குறுக்கே ஒட்டப்பட்டவை, அவ்வளவு அசையாது. குரல் கொஞ்சம் அடக்கம்தான். மேல்பலகை மட்டும் முழுமரம், மற்றவை அழுத்துப்பலகை என்ற கலவைதான் நம் பக்கத்துக்குப் புத்திசாலித்தனம் என்பது அவர் தீர்ப்பு. காசு மிச்சம் பிடிக்கத் தொழிற்சாலை செய்ததுதான், நமக்குத் தோதாக அமைந்துவிட்டது என்றும் சொல்லிக்கொள்வார்.

அழுத்துப்பலகைக்கும் ஓர் எல்லை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த வாரம் அவரிடம் ஐந்து கிட்டார்கள் வந்தன. கட்டிலுக்கடியில் கிடந்தவை. படலம் படலமாகப் பிரிந்து, நனைந்த நோட்டுப் புத்தகம் போல விரிந்திருந்தன. வெறும் தண்ணீர் என்றால் நிழலில் உலர்த்தி, பசை போட்டு, இடுக்கியில் இறுக்கி மீட்டுவிடுவார். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. நான்கைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் சொந்தக்காரர் வேண்டாம் என்று விட்டுப்போக, அதன் கழுத்து இன்றும் அவர் சுவரில் தொங்குகிறது, வேறு உடம்புக்காகக் காத்துக்கொண்டு.

விரல்பலகை எந்த மரம் என்று கேட்டது பெண். கருங்காலி போலக் கறுத்திருந்தது, ஆனால் சாயம். நகத்தால் ஓரத்தைச் சுரண்டியதும் பழுப்பு தெரிந்தது. முன்பெல்லாம் இந்த விலைக் கருவியிலும் நம்மூர் ஈட்டிமரம் வரும். பிரேசில் ஈட்டிமரம் கிடைப்பது அருகியபோது, அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-ல் இந்திய ஈட்டிமரத்துக்கு மாறியது. நீலகிரி, வயநாடு, கூர்க் காடுகளில் வளரும் அதே தோதகத்தி. இங்கே ஈட்டி மரத்தை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. 2017-ல் உலக அளவில் ஈட்டி இனங்கள் எல்லாவற்றுக்கும் ஏற்றுமதி அனுமதிச் சீட்டு கட்டாயமானது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்கு கொடுத்தார்கள். அதற்குள் பல தொழிற்சாலைகள் வேறு மரங்களுக்கு மாறிப் பழகிவிட்டன. சாயம் பூசியதற்காக ஒரு கருவியை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். வியர்வையில் விரல் கறுக்கும், ஆறு மாதத்தில் நின்றுவிடும், அவ்வளவுதான்.

உகுலேலே கடந்துவந்த பாதை விசித்திரமானது. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்த்துகலுக்குச் சொந்தமான மதீராத் தீவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஹொனலுலு வந்தது. அதில் மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள்: மனுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ. தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் சொந்த ஊரில் பழகிய சின்ன கிட்டாரை ஹவாய் மரத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். அது உகுலேலே ஆனது. கூலிக்குக் கப்பலேறியவர்களின் கதை தமிழனுக்குப் புதிதல்ல. மொரீஷியஸ் கரும்புக்கும் ஃபிஜி கரும்புக்கும் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்கள் எத்தனையோ பேர். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாய்க்காரர்கள் வாசித்ததும் அமெரிக்கா முழுதும் பைத்தியம் பிடித்தது. பாரிடோன் இந்தக் குடும்பத்தில் மிகப் பின்னால் பிறந்தது, 1940-களின் கடைசியில். எட்டி கானர்ஸ், ஹெர்க் ஃபவில்லா என்று இரண்டு பேர் தகப்பன் பட்டத்துக்கு உரிமை கொண்டாடினார்கள். அதைப் பிரபலப்படுத்தியவர் ஆர்தர் காட்ஃப்ரி. 1950-ல் தொலைக்காட்சியில் உகுலேலே பாடம் நடத்தியவர். மாஸ்டருக்கு இந்தக் கதைகளை எல்லாம் சொல்வதில் ஆசை. ஆனால் கேட்கிறவர்கள் பொதுவாக, "எப்போ ரெடியாகும்?" என்பார்கள்.

திருத்தக்கூடியவற்றுக்கு வந்தார். ஃபில்லர் கேஜ் என்பது மெக்கானிக்குகள் டாப்பெட் இடைவெளி பார்க்கும் சாமான். மெல்லிய எஃகு இதழ்கள் விசிறி போல விரியும். முதல் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே இதழ்களை ஒவ்வொன்றாக நுழைத்தார். அவர் விரும்புவது அரை மில்லி. டி கம்பியில் ஒரு மில்லி இதழ் உரசாமல் போய் வந்தது. நட்டில் காடியைப் போதிய ஆழம் வெட்டாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

"இப்போ எஃப் கார்டு புடிம்மா."

பிடித்தது. முதல் ஃப்ரெட்டில் இரண்டு கம்பிகளை ஒரே விரலால் அழுத்த வேண்டிய கார்டு. பெண்ணின் உதடு கோணியது.

"வலிக்குது அங்கிள். அதுவும் இல்லாம ஒரு மாதிரி கேக்குது."

வலியும் அபஸ்வரமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நட்டு உயர்ந்தால் முதல் ஃப்ரெட்டுக்குக் கம்பியை அதிக தூரம் அழுத்த வேண்டும், அழுத்த அழுத்த இழுபடும், சுருதி ஏறும். இந்த ஒரு குறைக்காக எத்தனை பிள்ளைகள் தங்களுக்குக் கை வராது என்று ஒதுங்கிப்போயிருப்பார்கள் என்பது மாஸ்டரின் தீராத ஆதங்கம். வாத்தியார் 'பிராக்டீஸ் பத்தல' என்பார். பிள்ளையும் நம்பிவிடும்.

காடி வெட்டுவதற்கென்றே அளவளவாய் அரங்கள் வெளிநாட்டில் விற்கிறார்கள். செட் விலையில் இங்கே ஒரு உகுலேலே வாங்கலாம். மாஸ்டர் கையில் எடுத்தது நாசில் க்ளீனர். கேஸ் கட்டிங் டார்ச்சின் துளையில் அடைத்த கசடைச் சுரண்டும் கம்பிக் கொத்து. ஒவ்வொரு கம்பியும் வேறு பருமன், உடம்பெல்லாம் நுண்ணிய ரம்பப் பல். இரும்பு வெட்டாத நாளே இல்லாத சாத்தாங்காட்டில் எந்த வெல்டிங் சாமான் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கம்பியின் பருமனுக்கு ஒரு பிடி கூடுதலான கம்பியைத் தேர்ந்தெடுத்து, டி கம்பியைத் தளர்த்தி ஒதுக்கி, காடியில் வைத்து இழுத்தார். தள்ளுவதில்லை, இழுப்பதுதான், தலைப்பக்கம் லேசாகச் சரிவு விட்டு. நான்கு இழுப்பு, கம்பியைப் போட்டு அளவு. மூன்று இழுப்பு, மறுபடி அளவு. கடைசியில் ஒரே ஒரு இழுப்பு. வெள்ளை எலும்புத்தூள் அவர் கட்டைவிரல் ரேகையில் படிந்தது. ஒரு இழுப்பு கூடிப்போனால் கம்பி ஃப்ரெட்டில் உரசி ஜிர்ரென்னும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும். நான்கு காடிகளுக்கு நாற்பது நிமிடம் ஆனது. ஒன்பதாம் ஃப்ரெட்டைச் சின்ன அரத்தால் தட்டி, முனையை உருட்டி, உப்புத்தாளில் மெருகேற்றப் பத்து நிமிடம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் ஒரு நூலுக்குச் சற்றே உள்ளே, 3 மில்லி. அதைத் தொடவில்லை. மழைக்காலம் வந்தால் தானே மாறும், அப்போது பார்க்கலாம் என்றார்.

நடுவில் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. கிட்டாருக்கும் இதற்கும் ஒரே சுருதி என்றால், தேய்ந்தபின் கிட்டார் கம்பியையே போட்டுவிடலாமே. இரும்புச் சந்தைக்காரருக்கு இரும்பின் மேல் நம்பிக்கை இருப்பது நியாயம். மாஸ்டர் அலமாரியிலிருந்து ஒரு பாரிடோனை எடுத்துக் காட்டினார். பிரிட்ஜ் மேல்பலகையின் ஒரு தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு எழுந்து நின்றது. பக்கத்துத் தெருப் பையன் செய்த காரியம். இதன் மேல்பலகையும் சட்டங்களும் நைலான் இழுப்புக்கு மட்டும் அளவாகச் செய்தவை. எஃகுக் கம்பி அதைவிட மிக அதிகமாக இழுக்கும். டி-யும் ஜி-யும் வெளியே உலோகம் சுற்றியவை என்பதால் எஃகு போலத் தெரியும், ஆனால் உள்ளே நைலான் இழைகள்தான். அந்தச் சுற்றுதான் ஃப்ரெட் படும் இடங்களில் முதலில் தேயும். மற்ற இரண்டும் வருடக்கணக்கில் உழைக்கும்போது இவை இரண்டும் ஆறேழு மாதத்தில் மங்கிவிடும், அதிலும் உப்புக்காற்றில்.

உப்புக்காற்றைப் பற்றிப் பேசினால் இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு வியாதியையும் சொல்ல வேண்டும். சந்தையை ஒட்டிய வீடுகளிலிருந்து எலெக்ட்ரிக் கிட்டார் வந்தால் மாஸ்டர் முதலில் பிக்கப்பைப் பார்ப்பார். காந்தம் அல்லவா, காற்றில் மிதந்துவரும் இரும்புத்தூளைப் பிடித்துவைத்திருக்கும், மூன்று நாள் தாடி போல. ஒட்டும் டேப்பால் ஒற்றி ஒற்றி எடுப்பார். உகுலேலேயில் காந்தம் இல்லை, அந்தக் கவலை இல்லை. ஃப்ரெட் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், துருப்பிடிக்காது, பச்சை மட்டும் பூக்கும். துரு பிடிப்பது ட்யூனரின் பொடித் திருகுகள்தான். அந்தப் பெண்ணின் கருவியில் நான்கையும் கழற்றி, துளி மெழுகு தடவி, திரும்பப் பூட்டினார்.

அதற்குப் பிறகுதான் மீட்டினார். முதலில் முட்டியால் மேல்பலகையைத் தட்டினார், தேங்காய் பார்ப்பது போல. பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, பதினைந்து வரை. பாரிடோனின் பலவீனம் தடித்த டி. நொடிக்கு 147 அதிர்வு. அந்தக் கனத்தை ஏந்த இந்த உடம்பு சிறிசு. மட்டமான கருவியில் அது அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல விழும். இதில் ஒலி இருந்தது, ஆனால் சீக்கிரம் அடங்கியது. ஜி-யும் பி-யும் அழகு, வயலாக்காரன் பொறாமைப்படுவான். ஈ கம்பி கொஞ்சம் கூச்சல். ஐந்தாம் ஃப்ரெட் ஜி-யை அழுத்தும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு 'ஜ்ஜீ'. ஃப்ரெட் இல்லை, சட்டம் இல்லை. ஒவ்வொரு இடமாக விரலை வைத்து அமுக்கிக்கொண்டே வந்தார். மூன்றாவது ட்யூனரின் வளையத்தைத் தொட்டதும் நின்றது. அரைத் திருப்பு முடுக்கினார். இந்த மாதிரி ஓசையால் மட்டும் எத்தனை நல்ல கருவிகள் பெட்டிக்குள் திரும்பிப் போயிருக்கும்.

"இன்னா மாஸ்டர், வெச்சுக்கலாமா?"

உடனே பதில் சொல்லவில்லை. புது நைலான் முதல் சில நாட்கள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. அது அடங்கும்வரை எந்தக் கருவியையும் அவர் முடித்துச் சொல்வதில்லை. தினமும் காலையில் சுருதி சேர்த்து வைக்கச் சொன்னார். டி கம்பியின் அடக்கம் பிடிக்கவில்லையென்றால் வேறு செட் போடலாம், சின்ன உகுலேலேயின் சுருதிக்கே பாரிடோன் கம்பிகள் கிடைக்கின்றன என்றும் சொன்னார். எடைமேடைக்காரர் விரல் விட்டு எண்ணினார். இன்று மூன்றாவது நாள். ஆறாவது நாள் வருவதாகச் சொல்லி, கேட்ட முந்நூறைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறாவது நாள் சாயங்காலம் பெண் மட்டும் முதலில் உள்ளே வந்தது. உட்கார்ந்து, ஜி பிடித்தது, சி பிடித்தது, எஃப் பிடித்தது. உதடு கோணவில்லை. மாஸ்டர் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் விரலை மிதக்க விட்டு ஒரு மணியோசை எடுத்தார், பிறகு அதே இடத்தில் அழுத்தி எடுத்தார். இரண்டும் ஒன்றாக நின்றன. வெளியே ட்ரெய்லர் ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது; அதன் பீப் ஒலிக்கு எது சுருதி என்று பெண் தேட ஆரம்பித்தது.

அப்பா வாசலில் அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திருப்பி அனுப்ப ஒட்டுவதற்கு டேப்பும் வாங்கிவந்திருந்தார்.

"அப்போ இந்தப் பெட்டிய இன்னா பண்றது மாஸ்டர்?"

"இங்க குடுத்துட்டுப் போங்க சார். அந்த டேப்பையும்."